சுவர்க்கூத்து இலக்கணம்

தெருவில் நடப்பவர்களின் அசைவைக் கேமரா கண்டு, அதற்கேற்பச் சுவரில் விழும் படம் மாறுமானால் அது சுவர்க்கூத்து. இதில் ஆடுபவரும் பார்ப்பவரும் ஒருவரே. நடக்க ஆளில்லாவிட்டால் கூத்தில்லை. இந்தக் கலைக்கு இராமேசுவரம் மிகப் பொருத்தமான மண் என்பது நம் துணிபு. அதை அகத்திணை இலக்கணத்தின் முதல், கரு, உரி என்ற முறையிலேயே நிறுவலாம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம், ஆள் கூடும் வெளி. பொழுது, இருட்டிய பின். அக்கினி தீர்த்தக் கடலில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாய் நனைந்து, உலர்ந்த துணி மாற்றித் தரிசனம் முடித்து, மூன்றாம் பிரகாரத்தின் தூண் வரிசையைச் சுற்றி வந்தவர்களுக்கு மாலையில் பெரிய வேலை ஏதும் இல்லை. காசியிலிருந்து கங்கை நீர் சுமந்து வந்தவரும், ஆந்திராவிலிருந்து வேனில் வந்தவரும், பரமக்குடியில் பஸ் ஏறியவரும் ஒரே கடைவாசலில் சங்கு மாலைக்கு விலை கேட்கிறார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. மொழி வேண்டாத ஒரு கலைக்கு இதைவிட நல்ல கூட்டம் வாய்க்காது.

கருப்பொருள் சுவர், விளக்கு, கேமரா, கணினி, புரொஜெக்டர். இவற்றை ஆட்டத்துக்குப் பழக்கியவர்களில் முன்னோடி அமெரிக்கரான மைரன் க்ரூகர். 1970களில் அவர் தொடங்கிய 'வீடியோபிளேஸ்' ஆளின் புறவடிவத்தை மட்டும் பிரித்தெடுத்துத் திரையில் நிழலுருவாகக் காட்டியது. 'கிரிட்டர்' என்றொரு குட்டி உயிர் அந்த உருவின் மேல் தொற்றி ஏறி, உச்சந்தலைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆட்டம் போடும்.

உரிப்பொருள்தான் உயிர்: ஒருவருக்கு மற்றவர் தேவைப்படுதல். மெக்சிகோவில் பிறந்து கனடாவில் வாழும் ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2001இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் சதுக்கத்தில் 'பாடி மூவீஸ்' படைப்பை நிறுவினார். நகரத் தெருக்களில் எடுத்த மனித உருவப்படங்கள் ஒரு பெருஞ்சுவரில் விழும். ஆனால் தரையிலிருந்து வீசும் கடும் வெளிச்சம் அவற்றை மறைத்துவிடும். யாராவது குறுக்கே நின்று நிழல் விழுந்தால் மட்டும், அந்த நிழலுக்குள் படம் துலங்கும். சுவரருகே நிற்பவரின் நிழல் ஆளளவு. விளக்கருகே போகப் போக அது 25 மீட்டர் வரை ஓங்கும். ஆகவே குழந்தை அரக்கனாகலாம், கூட இருக்கும் மாமா சுண்டுவிரல் ஆகலாம். எல்லாப் படங்களும் நிழல்களுக்குள் அகப்பட்டால் கேமரா அதைக் கண்டு அடுத்த காட்சியைத் திறக்கும். ஒருவராக நின்று இதைச் செய்து முடிக்க இயலாது. முன்பின் அறியாதவர்கள் 'நீ இப்படி வா, நான் அப்படிப் போகிறேன்' என்று சைகையால் பேசிக்கொள்ள வேண்டும்.

கையை ஆட்டினால் பூக்கொட்டும் சுவர்கள் சீக்கிரம் சலித்துவிடுவதன் காரணம் இந்தக் கூட்டுறவு இல்லாமையே. அங்கே இயந்திரம் தனியாளுக்குப் பதில் சொல்கிறது. பக்கத்தில் இருப்பவர் தேவையில்லை. கூட்டத்தில் ஒருவருக்கு மற்றவர் தேவைப்படும்போதே இக்கலை கலையாகிறது.

இராமேசுவரத்தில் நிழலுக்குள் துலங்க வேண்டிய முகங்கள், சம்மதம் பெற்று எடுத்த உள்ளூர் முகங்கள்: பாம்பன் மீனவர், தீர்த்தம் இறைப்பவர், கருவாடு உலர்த்தும் பெண்கள், சங்கு அறுப்பவர். யாத்திரிகர் சாமியைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்காமலே ரயிலேறிவிடுகிறார். தன் நிழலுக்குள் அந்த ஊரார் ஒருவரை எதிர்கொண்டபின் அப்படிப் போவது கடினம்.

தடை: உப்புக்காற்று. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் துருவால் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்தது. இரும்பை அரிக்கும் காற்று புரொஜெக்டரை விட்டுவைக்குமா? விடை: கருவிகளைக் கண்ணாடி அடைத்த அறைக்குள் வைக்கலாம். திரைத்துணி இங்கே காற்றுக்கு நில்லாது. சுண்ணாம்பு அடித்த கற்சுவரே வேண்டும். தடை: கேமரா என்றால் வேவு. விடை: நிழலின் கோடு போதும், முகத்தைப் பதியவோ சேமிக்கவோ கூடாது என்பது முதல் விதியாகட்டும். தடை: சந்நிதித் தெருவில் கேளிக்கை தகுமா? விடை: தகாது. பிதுர்க்கடன் செய்யும் கரையிலும் தகாது. ரயில் நிலையத்தை ஒட்டிய சுவர் போதும்.

கடைசியாக, செய்வோர் இலக்கணம். நிழலைக் கொண்டு கூட்டத்தைக் கட்டியாளும் வித்தை தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. திரைக்குப் பின்னால் இருந்தபடியே அவர்கள் சிரிப்பையும் சலசலப்பையும் கேட்டு, கூட்டம் தளர்ந்தால் கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் இறக்கிவிடுவார்கள். பிடித்துப்போனால் காட்சியை நீட்டுவார்கள். எப்போது காட்சி மாற வேண்டும் என்பதைக் கணினிக்கு யார் சொல்லித்தருவது என்ற கேள்விக்கு இவர்களே பதில். சுவர்க்கூத்துக்குத் திட்டம் போடும் அதிகாரிகள் கேமராவுக்கு டெண்டர் விடுமுன் ஒரு பாவைக்கூத்துக் கலைஞரைச் சம்பளம் கொடுத்து அழைத்து உட்கார வைக்க வேண்டும்.