மூளை சுருங்கிவிட்டதாமே!

கேள்வி: ஓயாத தலைவலி என்று 67 வயது அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம், சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் நாலு நாள் கழித்துத்தான். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை!
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: 67 வயதில் முகத்தில் சுருக்கம் விழுந்தால் யாரும் ரிப்போர்ட் எழுதுவதில்லை, மூளையில் விழுந்தால் எழுதுகிறார்கள். சிறு ரத்தக்குழாய் மாற்றம் என்பது படத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள். அறுபதைத் தாண்டிய பலருக்கும் உண்டு. இதற்கு ஃபசேகாஸ் என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். முட்டை வாங்கினால் பெருமைப்பட வேண்டிய ஒரே பரீட்சை! 1 என்றால் அங்கங்கே புள்ளி. 3 என்றால் புள்ளிகள் சேர்ந்து திட்டாகிவிட்டன, கவனம் தேவை. எதுவானாலும் பி.பி., சுகர் பார்த்துவிடுங்கள். புள்ளி வளர்வதில் பி.பி.க்குப் பெரும் பங்கு.

மூளையில் இப்படி ஏதாவது தெரிவது அப்பாவுக்கு மட்டுமல்ல. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பொதுமக்கள் 2000 பேரின் மூளையைப் படமெடுத்தார்கள். 2007-ல் வெளியான முடிவு: 100-க்கு 7 பேருக்கு, அவர்களுக்கே தெரியாமல், மூளை ரத்தக்குழாயில் பழைய அடைப்பின் தடம்!

கடைசி வரியில் 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்றிருக்குமே? 'நான் படத்தைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கிறவர் முடிவு செய்யட்டும்' என்கிறார் ரேடியாலஜிஸ்ட். நியாயம்தானே?

ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்; ராத்திரிக்குள் சித்தப்பா நியூராலஜிஸ்ட் ஆகிவிடுவார். ஆனால் திடீரென்று தாங்கமுடியாத தலைவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலமின்மை என்றால் அப்பாயின்ட்மென்ட்டை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.