குடோனின் குடித்தனம்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் திரும்பிய இடமெல்லாம் பிரம்மாண்ட குடோன்களாக இருக்கிறதே, ஏன்?

பதில்: வரி செய்த வேலை! முன்பு மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் 2% மத்திய விற்பனை வரி. சொந்தக் கிளைக்குச் சரக்கை மாற்றினால் வரியில்லை. அதனால் சோப்புக் கம்பெனிகூட மாநிலத்துக்கொரு குடோன் வைத்தது. தகரக் கூரை, ஒழுகும் மூலை, ரசீது எழுத ஒரு குமாஸ்தா. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. எல்லை தாண்டி வாங்கினாலும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றானதும், கம்பெனிகள் சின்ன வீடுகளைக் கைவிட்டு நெடுஞ்சாலையோரப் பெரிய வீட்டோடு ஒழுங்காகக் குடித்தனம் நடத்தத் தொடங்கின. (சபலம் விடுமா?) பத்து நிமிடத்தில் கொத்தமல்லிக் கட்டு கேட்கிறீர்களே, அதற்காக டெலிவரி கம்பெனிகள் ஊருக்குள் மறுபடி சின்ன வீடு தேடுகின்றன. உங்கள் தெருவில் கடை வாடகை ஏறினால் அரசாங்கத்தைத் திட்டாதீர்கள்; கொத்தமல்லியை நடந்துபோய் வாங்குங்கள்.