தானப் பத்திரம் ஊருக்கு, சாவி யாருக்கு?

கேளம்பாக்கத்தில் காலி இடமே இல்லை என்று புலம்புகிறவர்களே, தாராளமாக இருக்கிறது. போய்ப் பார்க்கத்தான் உங்களுக்கு ஒரு ஃபிளாட் நம்பர் வேண்டும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 ரொம்பவே தாராள மனசு கொண்டவை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டுகிறவர், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். பிள்ளைகள் அந்தச் சலான் மேல் ஓடி விளையாடட்டும்!

எழுதியும் தருகிறார்கள். பத்திரம் பீரோவுக்குப் போகிறது. நிலம் பல இடங்களில் காம்பவுண்டைத் தாண்டுவதே இல்லை. அதன் வாசலில் ஒரு கேட், கேட்டில் ஒரு செக்யூரிட்டி, அவர் கையில் ஒரு ரிஜிஸ்டர். "எந்த பிளாக் சார்? யாரைப் பார்க்கணும்?" பூங்காவைப் பார்க்கணும் என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். உள்ளே ஊஞ்சல் காற்றில் ஆடுகிறது. விளம்பரத்தில் அது 'குடியிருப்போருக்கு மட்டுமான பசுமைவெளி'. பசுவைத் தானம் கொடுத்துவிட்டுப் பாலைத் தாமே கறந்துகொள்ளும் புண்ணியவான்கள்!

இதைக் கேட்க அரசுக்கு நேரமில்லை. அதன் கண் வேறு இடத்தில். கோவளம் போகும் சாலையில் உப்பளம் 'சும்மா' கிடக்கிறதாம். வெயிலில் உப்பு வாருகிறவர் சும்மா. மழைவெள்ளம் முட்டுக்காடு முகத்துவாரத்துக்குப் போகும் தாழ்நிலம் சும்மா. பூட்டிய பூங்கா மட்டும் 'வளர்ச்சி'.

சட்டம் தூங்குகிறது என்றும் சொல்லிவிட முடியாது. ஏரிக்கரையில் ஓலைக் குடிசை போட்டுப் பாருங்கள்: 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 7ஆம் பிரிவு, நோட்டீஸ். பின்னாலேயே ஜேசிபி. கூவம் கரையிலிருந்து பெயர்த்தவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிப் பெரும்பாக்கத்தில் அடுக்கிவைத்த கை, ஊர்நிலத்தை வளைத்த காம்பவுண்டுச் சுவரைக் கண்டால் கும்பிடு போடுகிறது. குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு, கிரானைட் பதித்தால் வசதி!

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்றவை கிராமசபை கூடும் நாள்கள். போங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள்: நம் ஊருக்கு எழுதித் தந்த தானப் பத்திரங்கள் எத்தனை? சர்வே எண் என்ன? சாவி யாரிடம்? பதில் வராமல் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.