மலிவு மெர்லோ: ஒரு மதிப்பெண் இலக்கணம்

பத்து டாலருக்குள் கிடைக்கும் மெர்லோ ஒயினைச் சுவைத்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவது விளையாட்டுக் காரியம் அல்ல. அதற்கென்று அளவுகோல்கள் உண்டு, கலைச்சொற்கள் உண்டு. அந்த அளவுகோலையே அளந்து பார்த்து அதிர்ந்துபோன பேராசிரியர் ஒருவரும் உண்டு. ஒரு துறை முதிர்ந்துவிட்டது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? அத்துறையின் இலக்கணத்தைத் தொகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வாளர் குடித்துப் பார்த்துத்தான் எழுதினாரா என்று ஐயுறுவோர்க்கு, இலக்கண ஆசிரியர் யாரும் எல்லா வினைச்சொற்களையும் செய்து பார்த்தவர் அல்லர் என்பதே விடை.

முதலில் வரையறை. மெர்லோ பிரான்சின் போர்தோ வட்டாரத்துக் கருந்திராட்சை. அதன் குலத்தை மரபணுச் சோதனை தீர்மானித்துவிட்டது. ஒருபுறம் புகழ்பெற்ற கபெர்னே ஃப்ரான். மறுபுறம் யாரும் பொருட்படுத்தாத மக்தலேன் நுவார் தெ ஷராந்த். மெர்லோ, கபெர்னே சோவினியோன் திராட்சைக்கு ஓரிரு வாரம் முன்பே பழுத்துவிடும். துவர்ப்பு மட்டு என்பதால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமல் குடிக்கலாம். இந்த நற்குணமே அதை மலிவு அலமாரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பொமெரோல் ஊரில் ஏறத்தாழ முழுக்க இதே திராட்சையால் ஆகும் பெத்ரூஸ், ஒரு பாட்டில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறது. அது இக்கட்டுரையின் எல்லைக்கும் ஆய்வாளரின் எல்லைக்கும் அப்பாற்பட்டது.

அமெரிக்காவில் லேபிளில் ‘மெர்லோ’ என்று அச்சிட, உள்ளே 75 விழுக்காடு மெர்லோ இருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 85. எஞ்சியது என்னவென்று கடவுளுக்கே வெளிச்சம்.

இனி அளவுகோல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 20 மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தது. 1978-ல் தம் ஒயின் இதழைத் தொடங்கிய அமெரிக்க வழக்கறிஞர் ராபர்ட் பார்க்கர் 100 மதிப்பெண் முறையைப் பரப்பினார். இன்று கடைக்காரர்கள் தொங்கவிடும் அட்டைகளில் இருப்பது இதன் வழிவந்ததுதான். இதன் விசித்திரம், எந்த ஒயினும் 50-ல் தொடங்குவது. 35 எடுத்தால் தேர்ச்சி என்ற பள்ளிக்கூடத்தில் படித்தவருக்கு இது பெரும் ஆறுதல்: பாட்டிலைத் திறக்கும் முன்பே மெர்லோ பாஸ். அப்புறம் நிறத்துக்கு 5, மணத்துக்கு 15, சுவைக்கு 20. மொத்தத் தரத்துக்கும் முதிர்ந்து மேம்படும் வாய்ப்புக்கும் சேர்த்து 10. இன்றிரவே காலியாகப்போகும் பாட்டிலின் எதிர்கால வாய்ப்பை எப்படிக் கணிப்பது என்பது பற்றி உரையாசிரியர்கள் மௌனம் காக்கின்றனர்.

கலைச்சொற்களில் குறையே இல்லை. அதே டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் 1984-ல் வெளியிட்ட மணச்சக்கரத்தில் பழங்களும் பூக்களும் மட்டுமல்ல, டீசல், நனைந்த அட்டை, ஈர நாய் ஆகியவையும் இடம்பெறுகின்றன. மெர்லோவுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது பிளம்ஸ். காய்வெட்டாகப் பறித்த பழமானால் பைரசின் என்னும் வேதிப்பொருள் மிகுந்து குடைமிளகாய் வாடை அடிக்கும். வனிலா மணம் வந்தால் ஓக் மரத்தின் கைவரிசை. பத்து டாலர் பாட்டில் 225 லிட்டர் புதுப் பீப்பாய்க்குள் உறங்கியிருக்கும் என்று நம்ப வேண்டாம்; தொட்டியில் மரச்சில்லுகளைப் போட்டு ஊறவைப்பதும் உண்டு. அதற்கு ஐரோப்பிய ஒன்றியமே 2006-ல் அனுமதி கொடுத்துவிட்டது.

கருவி பழுது என்பதே இத்துறையின் தலையாய சிக்கல். கருவி என்றது நாக்கை.

போர்தோவில் ஒயினியல் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்களோ சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வருணித்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. 2008-ல் கால்டெக், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் குடிக்கவைத்து, மூளையைப் படம் பிடித்தனர். விலை கூடியதும் இன்பத்துக்குரிய மூளைப்பகுதி கூடுதலாக விழித்துக்கொண்டது. பொய் சொன்னது நாக்கு மட்டுமல்ல.

அளவுகோலை அளந்து அதிர்ந்ததாகத் தொடக்கத்தில் சொன்ன பேராசிரியர் ராபர்ட் ஹாட்ஜ்சன். கடலியல் கற்பித்து ஓய்வுபெற்றவர், சொந்தமாக ஒயினாலை நடத்தியவர். கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் நடுவர்களுக்கு, வரிசையின் நடுவே ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றித் தரச் செய்தார். ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் மூன்று முறையும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டார். மற்றவர்களின் மதிப்பெண் நாலு கூடவும் நாலு குறையவும் ஆடுவது சாதாரணம். அதே கண்காட்சியில் 2007-ல் மாநிலத்தின் சிறந்த ஷார்டொனே என்ற பட்டத்தை வென்றது, 1.99 டாலருக்கு விற்றதால் ‘டூ பக் சக்’ என்று செல்லப்பெயர் பெற்ற சார்லஸ் ஷா. அந்த நிறுவனம் மெர்லோவும் விற்கிறது என்பதை மலிவுப் பிரியர்கள் குறித்துக்கொள்க.

திராட்சையைக் கொடியிலேயே அடையாளம் காணாதவர்களும் உண்டு. சிலி நாட்டுத் தோட்டக்காரர்கள் தலைமுறைகளாக மெர்லோ என்று வளர்த்தவற்றில் பெரும்பகுதி மெர்லோவே அல்ல. 1994 நவம்பரில் அங்கே போன பிரெஞ்சு நிபுணர் ழான்-மிஷேல் பூர்சிகோ இலையைப் பார்த்ததும், போர்தோவில் அழிந்ததாகக் கருதப்பட்ட கார்மெனேர் அது என்றார். வாரக்கணக்கில் பிந்திப் பழுக்கும் அதை மெர்லோவோடு சேர்த்துப் பறித்துவந்ததால்தான் சிலி ‘மெர்லோ’வில் அந்தக் குடைமிளகாய் வாடை.

மெர்லோவை இழிவுபடுத்தியவர்களின் கதையும் இதேதான். 2004-ல் வந்த ‘சைட்வேஸ்’ படத்தின் நாயகன் மெர்லோ என்றாலே எரிந்து விழுவான். பினோ நுவார் என்றால் உருகுவான். அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்து, கடைசியில் பர்கர் கடையில் டம்ளரில் ஊற்றிக் குடிப்பது 1961 ஷெவால் பிளாங். அதில் கணிசமான பங்கு மெர்லோ! படம் பார்த்த அமெரிக்கர்கள் பினோ நுவாருக்குப் பாய்ந்தார்கள். தெற்குப் பிரான்சிலிருந்து ‘ரெட் பைசிக்லெட்’ என்ற பெயரில் அதைத் தாராளமாக அனுப்பிவைத்தார்கள். 2010-ல் கார்கசோன் நீதிமன்றம் 12 பேரைத் தண்டித்தது. 1 கோடியே 80 லட்சம் பாட்டில் அளவுக்குப் போன அந்தச் சரக்கு பினோ நுவார் அல்ல, விலை குறைந்த மெர்லோவும் சிராவும். அந்த வட்டாரம் விளைவித்ததைவிட அதிகமாக விற்றிருப்பதைக் கணக்கைப் புரட்டிய அதிகாரிகள்தான் கண்டுபிடித்தார்கள். குடித்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை.

இதனால் பெறப்படும் விதிகள் சில. பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றுக. விலைச்சீட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிடுக. 16 டிகிரி அளவுக்குக் குளிர்விக்க. சூடான அறையில் சாராய நெடிதான் முந்தி நிற்கும். மதிப்பெண்ணைப் பென்சிலால் எழுதுக. பத்து டாலருக்கு உட்பட்ட மெர்லோ, நனைந்த அட்டை வாடை இல்லாதவரை, இவ்வாய்வின்படி நூற்றுக்கு 86 பெறும். நடுவர் பிழைக்காக நாலு கூட்டியோ கழித்தோ கொள்ளலாம்.