வரையிலன்பியல்: காவிரிப் படுகைக்கு உரியது

மாணாக்க, எழுதுகோலை எடு. கைம்மாறு, காலம், அளவு என்னும் மூன்றையும் கேளாது ஒன்றன்மேல் நிற்கும் விருப்பம் வரையிலன்பு எனப்படும். தாயன்பு இதனுள் அடங்காது; தேர்வு மதிப்பெண் வரும் நாளில் அது அளவு கேட்கும். தஞ்சைப் படுகையார் காவிரிமேல் வைத்ததே ஐயமற அடங்கும். அது நால்வகைப்படும்.

1. காத்திருப்பன்பு. மேட்டூர் அணை திறக்க மரபாகக் குறித்த நாள் சூன் 12. அதற்கு முந்தைய திங்களில் இவ்வன்பு முளைக்கும். உட்பிரிவு மூன்று.

(அ) அடிக்கணக்கர்: நாளும் காலையில் அணையின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் தேடி வாய்விட்டுப் படிப்பவர். முழுமட்டம் 120 அடி என்பதும் அணை கட்டி முடிந்தது 1934 என்பதும் இவர்க்கு நெட்டுரு. தம் குருதியில் இனிப்பு எவ்வளவு என்பது தெரியாது.

(ஆ) கைப்பிடிச்சுவரர்: மாலையில் பாலத்துச் சுவரில் சாய்ந்து, வெறும் மணலை மேற்கு நோக்கிப் பார்ப்பவர். பேசார்.

(இ) வினவாளர்: மேற்கிலிருந்து வரும் பேருந்தில் இறங்குவோரை மறித்து, “தண்ணி எது வரைக்கும் வந்துருக்கு?” என்பவர். இறங்கியவர் துணிக்கடைப் பையோடு நின்றாலும் விடமாட்டார்.

2. எதிர்கொள்ளன்பு. கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரியும். மதகு திறக்குங்கால் ஆள்வோர் பூவும் நெல்விதையும் தூவுவர். அது நமக்கு வேண்டா, கிளைவாய்க்காலுக்கு வா. நீரின் தலை, ஆள் நடையினும் மெல்ல வரும். அதன் முன்னே சருகு, நுரை, ஒற்றைச் செருப்பு, நெகிழிப் புட்டில், உயிர் தப்பி ஓடும் எறும்பு. வெடித்த தரை குடித்துக் குடித்துக் குமிழ் விடும். சிறுவர் அதைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பர். பெரியவர் தோள்துண்டை இறக்கி இடுப்பிற் கட்டிக் குனிந்து, அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வது அந்நுரையைத்தான். இவ்வியல்பை ‘அழுக்குநோக்காமை’ எனக் குறித்துக்கொள்.

3. வாராமைபொறுக்கும் அன்பு. 2012-இல் மேட்டூர் திறந்தது செப்டம்பர் 17. 2024-இல் சூலை 28. ஆற்றை நம்பிய குறுவை போயிற்று. ஆடிப் பதினெட்டு போகவில்லை. ஆறு வறண்ட ஆண்டில் படையலர் இருவகைப்படுவர்: மணலூற்றர், அடிகுழாயர். முன்னவர் மணலைத் தோண்டி, ஊறிய சிறிதளவு நீருக்குக் காதோலை கருகமணி இடுவர். பின்னவருள் ஒருத்தி குழாயை அடிக்க, மற்றொருத்தி மஞ்சட்கயிற்றை நனைப்பாள். அடிகுழாயைக் காவிரி எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாம். அடிப்பவள் ஓய்ந்தால் பெருக்கும் ஓயும் என்பதொன்றே வேறுபாடு.

4. மிகைபொறுக்கும் அன்பு. கொள்ளிடம் பெருகிப் பயிர் மூழ்கும்போது தோன்றுவது. “அவ என்ன பண்ணுவா, மேலேருந்து ஒரேயடியா தொறந்து விட்டா?” என்பர். இது பழிமாற்று எனப்படும்.

இனித் தடைவிடை. அன்பர் வரையின்றி நிற்க, அன்பு பெறுவாள் எங்ஙனம் நிற்கிறாள் எனின், முழுதும் வரையுள். தமிழ்நாட்டு எல்லைக்கு ஆண்டுதோறும் வரவேண்டிய நீர் 192 டி.எம்.சி. என நடுவர் மன்றம் 2007-இல் தீர்த்தது. உச்ச முறைமன்றம் 2018-இல் அதை 177.25 ஆக்கியது. திங்கள்தோறும் இவ்வளவு எனப் பட்டியலும் உண்டு. (‘டி.எம்.சி.’ நூல்வழக்கன்று, தேநீர்க்கடை வழக்காதலின் கொள்ளப்பட்டது.) அங்ஙனமாயின் இஃது ஒருதலை விருப்பமாகிய கைக்கிளையோ எனின், அன்று, காலந்தாழ்ந்தேனும் மறுமொழி வருகிறது. பொருந்தா விருப்பமாகிய பெருந்திணையோ எனின், அப்படிச் சொல்லிவிட்டுத் திருவையாற்றுக் கடைத்தெருவில் நடந்து பார். தொல்காப்பியம் எண்ணிய ஏழு திணையுள் இதற்கு இடமில்லை. எட்டாவதாகப் ‘படுகைத்திணை’ கொள்க.

பயிற்சி: கடைமடைக்குச் சென்று வகைக்கு இரண்டு எடுத்துக்காட்டு எழுதி வா. செருப்பைக் கரையிலேயே விடு. “இந்த ஆண்டு வருமா?” என்று அங்கே எவரையும் கேட்டுவிடாதே; “எப்ப வரும்?” என்று கேள்.