சொல்தா வீட்டு ஹிஸ்டரி

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, யூரோவில் பென்ஷன் வாங்குகிறவர் சொல்தா. மாடி வைத்த வீடு, நாய், கிரில் கேட் எல்லாம் பழசு. இப்போது வாசற்கதவுக்கு உட்புறச் சுவரில் அலாரம் கீபேட் ஒன்றும் பச்சை விளக்கோடு முறைக்கிறது. பாரிஸ் மகன் லீவுக்கு வந்தபோது மாட்டிவிட்டுப் போனது. அந்த வீட்டில் திருடத் தகுந்த சாமான் எதுவென்று பார்த்தால் முதலில் அதுதான் தேறும்.

ஊர் பேப்பர் படிக்கிற நேரத்தில் சொல்தா அந்த அலாரம் பெட்டியின் ஹிஸ்டரி படிப்பார். கைலி, முண்டா பனியன், மூக்குக்கண்ணாடி. விறைப்பாக நின்று மாஸ்டர் கோடை அடித்து, அம்புக்குறியைத் தட்டித் தட்டி, சமையற்கட்டு வரை கேட்கிற குரலில்:

"இருபத்திரண்டு மணி அஞ்சு நிமிஷம், ஆர்ம். ரெண்டு பதினேழு, ஏசி ஃபெயில். ரெண்டு ஐம்பத்தொன்பது, ஏசி ரெஸ்டோர்."

கரண்ட் போய் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபேன் நின்றதும் எழுந்து, விசிறிமட்டையும் கொசுவுமாக உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் பெட்டி சொன்ன பிறகுதான் அது நடந்ததாகக் கணக்கு.

வீட்டில் ஆளுக்கொரு நம்பர். அவர் யூசர் ஒன்று, வீட்டம்மா இரண்டு, சின்ன மகன் மூன்று, மருமகள் நான்கு.

"யூசர் நாலு, ராத்திரி இருபத்துமூணு நாற்பதுக்கு டிஸ்ஆர்ம். எதுக்கு?"

"மாடு கத்துச்சு மாமா."

"மாடு கத்தினது ஹிஸ்டரில இல்லையே!"

வீட்டின் ஒவ்வொரு பக்கமும் பெட்டிக்கு ஒரு ஜோன். கூடத்து மூலையில் இருக்கிற சென்சார், உடம்புச் சூடு நகர்வதைப் பார்த்துக் கத்துகிற ஜாதி. அதன் கண்ணாடி மேலேயே ஒரு பூச்சி ஊர்ந்தாலும் அதற்குத் திருடன்தான். சொல்தா அதை நோட்டில் 'நடமாட்டம்' என்று ஏற்றிக்கொள்வார். நோட்டு எதற்கென்றால், பெட்டிக்கு ஞாபகசக்தி அளவானது. புதுசு ஏற ஏறப் பழசு உதிர்ந்துவிடும். ஒரு புயலில் கரண்ட் வராமல் பேட்டரியும் செத்து, பெட்டியின் தேதி 2000 ஜனவரி 1க்குப் போய்விட்டது. "அப்போ இந்த வீடே கட்டலையே" என்றார் வீட்டம்மா. அதையும் ஏற்றினார்.

கீழூர் நினைவிடத்துக்குக் கூட்டிப் போனாலும் இதே புத்தி. அங்கேதான் 1954 அக்டோபர் 18 அன்று 178 பேர் ஓட்டுப் போட்டதில் 170 பேர் இந்தியாவோடு சேரச் சம்மதம் சொன்னார்கள். ஊர் அந்த 170ஐச் சொல்லிப் பெருமைப்படும். இவருக்கு மிச்சம் 8 பேர் எந்த ஜோன் வழியாக வெளியே போனார்கள் என்பதுதான் விசாரம்.

மாஸ்டர் கோடு பரம ரகசியம். வருஷா வருஷம் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14க்குப் பதக்கம் குத்திக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்புகிறவரின் ரகசியம் என்னவாக இருக்கும்? 1407 என்று பேரன் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான்.

ஒருநாள் காலை, "யூசர் ஒன்று, ஒரு மணி இருபது, டிஸ்ஆர்ம்" என்று படித்தவர் குரல் இறங்கியது. "யூசர் ஒன்று, மூணு பத்து, ஆர்ம்."

சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. "அந்நேரத்துக்கு எங்க போனீங்க?"

பேரன் காப்பி டம்ளருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டான்.

சொல்தா வெகுநேரம் யோசித்தார். "போயிருப்பேன்" என்றார். "பெட்டி பொய் சொல்லாது."

பிறகு நோட்டைத் திறந்து, தன் பெயரை எழுதி, எதிரே 'விசாரணையில்' என்று போட்டார்.