பழங்கார் மாமா

ஈப்போவில் எந்தத் தாமானுக்குப் போனாலும் ஒரு பழங்கார் மாமா இருப்பார். தலையில் தட்டைத் தொப்பி. வீட்டுக் கூரைக்கடியில், போர்வைக்குள், ஒரு எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அத்தையின் மைவி வெயிலில் நிற்கும். "கார் நல்லாருக்கு மாமா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அன்றைய பொழுது உங்களுடையது இல்லை.

ஆசையின் வேர் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. துரையின் ஸ்போர்ட்ஸ் கார் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போவதைப் பால்மரத்தடியில் நின்று பார்த்த பையன் இவர். "அந்தக் கார் டயர்ல எங்கம்மா வெட்டின பாலும் இருந்திருக்கும்" என்பார். அந்தப் பங்கைத்தான் இப்போது வசூலிக்கிறாராம். வசூலாவதென்னவோ ஒர்க்‌ஷாப் தவுக்கேவுக்கு.

எம்ஜிபி 1962இல் வந்து 1980இல் நின்றுபோன வண்டி. 1798 சிசி, குதிரைசக்தி ஏறக்குறைய 95. அத்தையின் 1.5 லிட்டர் மைவி 100ஐத் தாண்டிவிடுகிறது. பெட்ரோல் கணக்கிலோ லிட்டருக்குச் சுமார் 20 கிலோமீட்டர் என்கிறது பெரோடுவா. எம்ஜி அதில் பாதி கொடுத்தாலே மாமா பாயசம் வைக்கச் சொல்வார். இதையெல்லாம் அவர் எதிரில் எடுத்தால், "அந்தக் காலத்துக் குதிரை வேற தம்பி, இந்தக் காலத்துக் குதிரை வேற" என்று முடித்துவிடுவார்.

மைவிமேல் அவருக்கு இருக்கும் கோபம் விசித்திரமானது. "அதெல்லாம் காரா? ரைஸ் குக்கர். பொத்தானை அமுக்கினா ஓடுது!" வண்டி ஓடுவதையே குற்றமாகச் சொல்லும் மனிதரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இருட்டினால் எம்ஜி வெளியே வராது. அதன் மின்சாமான்கள் லூக்காஸ். உலகெங்கும் பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் லூக்காஸுக்குச் சூட்டிய பட்டம் 'இருட்டின் இளவரசன்'. மழைக்கும் ஆகாது. ஆகவே, மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டிப் பேரெடுத்த தைப்பிங் பக்கம் மாமா தலைவைத்தும் படுப்பதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விடியற்காலையில், கூரையை மடக்கிவிட்டு, சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டி எம்ஜியில் போனால் 60இலேயே 120இல் பறப்பதுபோல நெஞ்சு அடித்துக்கொள்ளும். இருக்கை அவ்வளவு தாழ்வு, சத்தம் அவ்வளவு பக்கத்தில். மைவியில் 110இல் கொட்டாவிதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஊர்வலம். முன்னால் எம்ஜி. பின்னால் அத்தை, மைவியில். பூட்டில் தண்ணீர்க் கேன், ஃபேன் பெல்ட், ஜம்பர் கேபிள், மாமாவுக்கு மாற்றுச்சட்டை. பாதி ஏற்றத்தில் எம்ஜி கொதிக்கும். சூடு தணிந்ததும், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள் ஒரே சுருதியில் மூச்சு விடுகின்றனவா என்று மாமா ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்பார். அந்த நேரம் பார்த்து 'பி' ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கஞ்சில், வெறும் 660 சிசி, ஐந்து பேரையும் ஒரு கூடை டுரியானையும் சுமந்துகொண்டு முக்கி முக்கி ஏறிப்போகும்.

"பாத்தியா, கியர் மாத்தவே தெரியல" என்பார் மாமா, கரி அப்பிய முகத்தோடு. "இந்த ஸ்பேனரைக் கொஞ்சம் பிடிம்மா."

மைவிக்குள் ஏசி. சீட்டு சாய்ந்திருக்கிறது. மின்னல் எஃப்எம் பாடுகிறது. கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கும்.

"பாட்டு முடியட்டுங்க."